ஓடுதளத்தை வைத்து ஊரைப் பார்ப்போம்: ஏர்லிங்க் விமானம் போகும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி

[திரையில்: வறண்ட சமவெளியில் நீண்டு கிடக்கும் ஓடுதளம், மேலிருந்து]

இது அப்பிங்டன். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், கலஹாரிப் பாலைவனத்தின் ஓரத்தில், ஆரஞ்சு ஆற்றுத் தண்ணீரை நம்பித் திராட்சை போடும் ஊர். இந்த ஊரின் ஓடுதளம் 4,900 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். உலகின் பெரிய நகரங்கள் பலவற்றில்கூட இவ்வளவு நீளம் கிடையாது.

காரணம் நிறவெறி ஆட்சி. 1963 முதல் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் தென்னாப்பிரிக்க விமானங்களைத் தங்கள் வான்வெளிக்குள் விடவில்லை. லண்டன் போக வேண்டுமென்றால் கண்டத்தை மேற்கே சுற்றி, கடல்மேல் பறக்க வேண்டும். அதற்கு எரிபொருள் ஏராளமாக வேண்டும். ஜோகன்னஸ்பர்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. முழு டேங்க்கோடு ஒரு ஜம்போ ஜெட் மேலே எழும்ப மூச்சு முட்டும். அதில் பாதி உயரமே உள்ள அப்பிங்டனில் ஓடுதளத்தை நீட்டிப் போட்டால் வேலை நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

இன்று அந்த ஓடுதளத்தில் சில டஜன் பேரோடு ஒரு சின்ன ஜெட் வந்து இறங்கி, பாதி தூரம்கூட ஓடாமல் நின்றுவிடுகிறது. இறங்குகிறவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மேற்கே ஆக்ராபீஸ் அருவிக்கோ, வடக்கே கறுப்புப் பிடரி சிங்கங்கள் திரியும் கலகாடி பூங்காவுக்கோ போவார்கள். அந்தச் சின்ன ஜெட் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் விமான நிறுவனத்துடையது. இந்த வீடியோ அந்த நிறுவனம் போகும் ஊர்களைப் பற்றியது. விளம்பரம் இல்லை, டிக்கெட் விலையைப் பார்த்தால் யாரும் விளம்பரம் என்று நினைக்கவும் மாட்டார்கள்.

[திரையில்: ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரைபடம், ஜோகன்னஸ்பர்கிலிருந்து கிளம்பும் கோடுகள்]

முதலில் நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏர்லிங்க் 1992-ல் தொடங்கியது. நெடுங்காலம் அரசு நிறுவனமான சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸின் நிழலில், அதன் பெயரில் டிக்கெட் விற்று ஓடியது. பெரியவர் கடனில் மூழ்கிய பிறகு, 2020-ல் தனியாகப் பிரிந்து சொந்தக் காலில் நின்றது. 2024-ல் கத்தார் ஏர்வேஸ் இதில் 25 சதவீதப் பங்கு வாங்குவதாக அறிவித்தது.

இவர்களுடைய விமானங்கள் பெரும்பாலும் பிரேசிலின் எம்ப்ரேயர் தயாரிப்பு. அதில் சிறியது இஆர்ஜே 135: மொத்தம் 37 இருக்கைகள், ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. உள்ளே போனால் மினி பஸ்ஸில் ஏறியது போலத்தான் இருக்கும், உயரமானவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்த அளவுதான் விஷயமே. 180 பேர் ஏறும் விமானத்தை நாள்தோறும் நிரப்ப முடியாத ஊருக்கு 37 பேர் விமானம் கட்டுப்படியாகும். போட்டிக்கு வேறு ஆள் இல்லாத தடங்களில் கட்டணமும் அதற்கேற்ப ஏறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள்: ஸ்குகூசா, ஹூட்ஸ்ப்ரூட். ஸ்குகூசா விமான நிலையம் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. கூரை வேய்ந்த முனையம், வெளியே வந்தால் காடு. 2014-ல் பயணிகள் விமானங்கள் அங்கே மறுபடி வரத் தொடங்கின. ஹூட்ஸ்ப்ரூட்டில் பயணிகள் விமானம் இறங்குவது விமானப் படைத் தளத்தின் ஓடுதளத்தில். பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காடுகளுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. செலவைப் பார்த்தால், ஜோகன்னஸ்பர்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு க்ரூகர் போவதே என் தேர்வு. ஐந்தாறு மணி நேரம், நல்ல சாலை.

மவுன் விஷயம் அப்படியில்லை.

[திரையில்: ஒகவாங்கோ, பச்சையும் நீலமுமாகக் கிளைபிரியும் நீர்வழிகள்]

போட்ஸ்வானாவின் மவுன், ஒகவாங்கோ கழிமுகத்தின் வாசல். கழிமுகம் என்றால் ஆறு கடலில் சேரும் இடம்தானே? ஒகவாங்கோ கடலைப் பார்ப்பதே இல்லை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் மழை பெய்து, அந்தத் தண்ணீர் தெற்கே வந்து, கலஹாரி மணலில் விசிறியாக விரிந்து, வெயிலில் ஆவியாகியும் மணலில் இறங்கியும் முடிந்துபோகிறது. நிலம் கிட்டத்தட்ட தட்டை என்பதால் தண்ணீர் நகர்வது ஆமை வேகம். அங்கோலாவில் ஜனவரி வாக்கில் பெய்த மழை மவுன் பக்கம் எட்டிப்பார்க்க ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழை இருக்காது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது இங்கே வெள்ளம் வரும், யானைகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரைத் தேடி வரும். யுனெஸ்கோ 2014-ல் இதைத் தன் பட்டியலில் 1000-ஆவது உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது.

ஏர்லிங்க் உங்களை மவுன் வரைதான் கொண்டுபோகும். கழிமுகத்துக்குள் இருக்கும் முகாம்கள் பலவற்றுக்கு சாலையே கிடையாது. அடுத்தது செஸ்னா: பத்துப் பேர்கூட ஏறுவது கஷ்டமான ஒற்றை எஞ்சின் விமானம். அதில் ஏற ஒரு விதி உண்டு. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, துணிப் பைதான்; அதுவும் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து 20 கிலோ, சில இடங்களில் 15. காரணம் எளிது: பைகள் போவது விமானத்தின் வயிற்றுக்கு அடியில் உள்ள தாழ்வான அறையில். பையை அமுக்கி, மடக்கி உள்ளே திணிக்க வேண்டும். கெட்டிப் பெட்டியை அமுக்க முடியாது. மண் ஓடுதளத்தில் இறங்கும் முன் விலங்கு ஏதும் நிற்கிறதா என்று விமானி பார்த்துக்கொள்வார். நின்றால் முகாமிலிருந்து ஜீப் வந்து விரட்டும் வரை வானத்தில் ஒரு வட்டம். பயணத்திட்டத்தில் ஜெட் இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மவுனுக்கு வடகிழக்கே கசானே. சோபே ஆற்றில் படகில் போனால் யானைகள் நீந்திக் கடப்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அங்கிருந்து சாலை வழியே போனால் கொஞ்ச நேரத்தில் விக்டோரியா அருவி. இந்த அருவிக்கு மட்டும் ஏர்லிங்க் இரண்டு விமான நிலையங்களுக்குப் பறக்கிறது: ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா ஃபால்ஸ், ஜாம்பியா பக்கம் லிவிங்ஸ்டன். எதில் இறங்குவது? இது மாதத்தைப் பொறுத்தது. அருவியின் அகலம் 1,700 மீட்டருக்கு மேல், உயரம் 108 மீட்டர். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். எழும் சாரலில் எதிரே இருக்கும் அருவியே தெரியாது, நனைந்ததுதான் மிச்சம். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பாறை மட்டும் தெரியும் அளவுக்கு வற்றும், ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் தண்ணீர் விழும். அதனால் சந்தேகம் வந்தால் ஜிம்பாப்வே பக்கம்.

மொசாம்பிக்கின் விலான்குலோஸ், மடகாஸ்கரின் நோசி பே இரண்டும் கடற்கரை. விலான்குலோஸிலிருந்து பாய்மரப் படகில் பசாருடோ தீவுகளுக்குப் போகலாம். கடல் பசுக்கள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அது ஒன்று.

[திரையில்: நடுக்கடலில் ஒரு செங்குத்தான தீவு]

இப்போது இந்த வரைபடத்தின் மிக விசித்திரமான கோடு. ஜோகன்னஸ்பர்கிலிருந்து மேற்கே போய், நமீபியாவைத் தாண்டி, அட்லாண்டிக்கின் நடுவே முடிகிறது. செயின்ட் ஹெலினா. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர், மக்கள் தொகை நாலாயிரத்துச் சொச்சம். பிரிட்டனின் ஆளுகையில் உள்ள தீவு. நெப்போலியனை 1815-ல் கொண்டுவந்து விட்டது இங்கேதான். 1821 மே 5-ல் அவர் இறந்த லாங்வுட் மாளிகை இன்று பிரான்ஸ் அரசின் சொத்து. தப்பிக்க முடியாத இடம் என்று தேர்ந்தெடுத்தது சரிதான். 2017 வரை சாதாரணப் பயணிக்கு அங்கே போக ஒரே வழி கப்பல், கேப்டவுனிலிருந்து ஐந்து இரவுகள்.

பிரிட்டன் 28.5 கோடி பவுண்டு செலவில் அங்கே விமான நிலையம் கட்டியது. தீவில் சமதளமே இல்லாததால், நூறு மீட்டர் ஆழமான ஒரு பள்ளத்தாக்கைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி ஓடுதளம் போட்டார்கள். 2016 ஏப்ரலில் போயிங் 737 ஒன்று சோதனைக்கு வந்தது. அப்போதுதான் சிக்கல் முழுசாகத் தெரிந்தது. ஓடுதளத்தின் வடமுனை செங்குத்தான பாறையின் விளிம்பில் முடிகிறது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மலைகளில் மோதி உடைந்து, அந்த முனையில் நொடிக்கு நொடி திசையும் வேகமும் மாறுகிறது. தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானிக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'உலகின் உதவாக்கரை விமான நிலையம்' என்று கேலி செய்தன.

ஏர்லிங்க் எம்ப்ரேயர் 190-ஐக் கொண்டுவந்து இந்தச் சிக்கலைச் சமாளித்தது. வழக்கமாக விமானம் எதிர்க்காற்றில் இறங்கும். இங்கே தெற்கிலிருந்து, பின்காற்றோடு இறங்கினால் அந்த வடமுனைக் கொந்தளிப்பைத் தவிர்க்கலாம். பின்காற்று வேகத்தைக் கூட்டும், அப்போது எடை குறைவாக இருந்தால்தான் ஓடுதளம் முடிவதற்குள் நிற்க முடியும். எனவே தொடக்கத்தில் நூறு பேர் அளவுக்கு இடமுள்ள விமானத்தில் 76 பேரை மட்டும் ஏற்றினார்கள். இறங்க முடியாமல் போனால் திரும்பிவர வேண்டுமே, அக்கம்பக்கத்தில் வேறு நிலையமில்லை. அதனால் போகும் வழியில் நமீபியாவில் நின்று டேங்க்கை நிரப்பிக்கொள்கிறது. முதல் பயணிகள் சேவை 2017 அக்டோபர் 14-ல் இறங்கியது. சனிக்கிழமை விமானம்தான் இன்றும் தீவின் உயிர்நாடி.

[திரையில்: ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு]

இந்த விமான நிலையத்துக்குச் சாலை போடத் தோண்டியபோது வேறொன்றும் வெளிவந்தது. 1840-க்குப் பிறகு, பிரிட்டிஷ் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து 25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இந்தத் தீவில் இறக்கினார்கள். கப்பலின் கொடுமையால் ஏறத்தாழ 8,000 பேர் இங்கேயே இறந்தார்கள். 2008-ல் தொல்லியலாளர்கள் ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் 325 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். அவை பல ஆண்டுகள் ஒரு கட்டடத்தில் பெட்டிகளில் கிடந்து, 2022-ல்தான் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. நெப்போலியனின் வெற்றுக் கல்லறைக்குப் போகும் பயணிகள் இந்தப் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய உடலை 1840-லேயே பாரிஸுக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் ஜோனத்தன் என்ற ஆமையைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 1882-ல் செஷல்ஸிலிருந்து வந்தபோதே முழுதாக வளர்ந்த ஆமை. அதை வைத்து 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்கிறார்கள். வயதில் கண் பார்வையும் மோப்பமும் போய்விட, கையால் ஊட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். தீவின் தலைநகர் ஜேம்ஸ்டவுனில் 699 படிகள் கொண்ட செங்குத்தான ஜேக்கப் ஏணியும் உண்டு. முட்டி வலிக்காரர்கள் கீழிருந்தே படம் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் ஊரும் இந்த வரைபடத்தில் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் ரயில் நிலையத்தில். 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் இங்கே நிறையப் பேர். ஊர் நடுவே சுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. தீமிதி நடப்பது புனித வெள்ளியன்று. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்கு அன்றுதான் விடுமுறை. பக்கத்து ஹோவிக்கில் 1962-ல் மண்டேலாவைப் பிடித்த இடத்தில் 50 இரும்புத் தூண்கள் நிற்கின்றன. சரியான இடத்தில் நின்று பார்த்தால் அவர் முகம் தெரியும், ஓரடி நகர்ந்தால் வெறும் கம்பிகள். பீட்டர்மாரிட்ஸ்பர்கின் ஓடுதளம் சிறியது, மூடுபனி அடிக்கடி வரும், அப்போது விமானத்தை டர்பனுக்குத் திருப்பிவிடுவார்கள். பரவாயில்லை, சாலையில் ஒரு மணி நேரம்தான்.

கடைசியாக, எந்த மாதம் போவது? ஒகவாங்கோவும் அருவியும் சேர்ந்து வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். தண்ணீரும் இருக்கும், சாரலும் கொஞ்சம் அடங்கியிருக்கும். செயின்ட் ஹெலினாவில் திமிங்கலச் சுறாக்களோடு நீந்த ஆசைப்பட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் அடக்க முடியாது. தீவுக்குப் போகிறவர்கள் ஜோகன்னஸ்பர்கில் முந்தைய நாளே வந்து தங்கிவிடுங்கள். சனிக்கிழமை விமானத்தை விட்டால் அடுத்தது பெரும்பாலும் அடுத்த சனிக்கிழமைதான்.