காற்று அடிக்கிற ஊரில் பூட்டிய மைதானம்
(கேரளத்தில் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் வார்டு மெம்பர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பி.டி.ஏ. நிர்வாகிகளே, பாலக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த டாக்டர் அவர்களே, பெரியவர்களுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துப் பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம். பஞ்சாயத்துத் தலைவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பி.டி. வாத்தியாராக இருந்தபோது என்னிடம் நானூறு மீட்டர் ஓடியவர். கடைசி வளைவில் மற்றவர்கள் தளரும்போது இவர் தளர மாட்டார். அதை ஏன் இப்போது ஞாபகப்படுத்துகிறேன் என்று பிறகு சொல்கிறேன். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கும், மைக் செட் போட்டுத் தந்த தம்பிக்கும் நன்றி.

'வெளியில் விளையாடுவதும் இளையோர் மனநலமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூளை, தூக்கம், சிநேகிதம் என்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்.

எங்கள் அப்பா களத்துமேட்டில் நின்று சொல்வார்: 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.' பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் குடியிருக்கிற நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு முறத்தைத் தூக்கிப் பிடித்தால் போதும், பதரை அதுவே கொண்டுபோய்விடும். காற்று நின்றுவிட்டால் கை வலிக்க வீச வேண்டியதுதான்.

பிள்ளைகளின் வயதும் அப்படித்தான். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன, 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு அப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம்தான் 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரி 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது. 2016-ம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் அந்த அளவுக்கு அசைவதில்லை. நாமும் சரியாக அந்த வயதில்தான் பிள்ளையைக் கிரவுண்டிலிருந்து எடுத்து டியூஷனில் உட்கார வைக்கிறோம்.

மூச்சு வாங்க ஓடினால் மூளையில் பி.டி.என்.எஃப். என்று ஒரு புரதம் கூடுகிறது. நரம்புச் செல்கள் வளரவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் அது உதவும். அப்புறம், பரீட்சை பயத்தில் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். ஓடும்போதும் அதேதான். தினமும் ஓடுகிற பிள்ளைக்கு அந்தப் படபடப்பு பழகிப்போகும்; அது வந்துவிட்டுப் போய்விடும் என்று உடம்புக்கே தெரியும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக் கடிகாரமும் சீராகும், ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். அறைக்குள் டியூப் லைட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிளஸ் டூவில் நினைத்த மார்க் வரவில்லை. அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, 'அண்ணா, பையன் ரூமை விட்டு வெளியவே வர்றதில்லீங்க. சோத்தத் தட்டோட வெச்சா அப்படியே இருக்குது' என்று அழுதது. முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன், போனார்கள். அப்புறம் நான் அவனிடம் போய், 'கண்ணு, எனக்கு முட்டி வலி. கிரவுண்டில் கோடு போட ஆள் இல்லை, காலையில் வர்றயா?' என்று மட்டும் கேட்டேன். ஓடச் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வந்தான். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கயிற்றின் ஓரமாகவே நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் வந்தான். முழங்கால்வரை சுண்ணாம்பு, செருப்பெல்லாம் வெள்ளை. ஒன்பது நாள் இப்படியே போனது. பத்தாவது நாள் நான் போட்ட கோட்டைப் பார்த்து, 'சார், இது கோணலா இருக்குதுங்க' என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழித்து அவனே போட்டான். ஆறாம் கிளாஸ் வாண்டுகள் அந்தக் கோட்டில் ஓடியபோது, யார் முதலில் வந்தது என்று அவர்களோடு சண்டை பிடித்தான். அன்று சாயங்காலம் அவனும் இரண்டு சுற்று ஓடினான். அவன் அம்மா தூக்குப்போசியில் கம்மங்கூழோடு மரத்தடியில் நின்றது. அந்த ஒரு மாதமும் அந்தக் குடும்பத்துக்குக் காற்று அடித்த மாதம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார்கள்.

இப்போது கோவையில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் கிரவுண்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'சார், உள்ளே புல் முட்டிக்கு வளர்ந்து கிடக்குதுங்க' என்றான்.

அந்தக் கேட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, நம் எல்லோருக்கும் தெரியும். இப்போது நான்கரை மணி ஆனால் பூட்டு. சனி, ஞாயிறு முழுக்கப் பூட்டு. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இல்லாத பள்ளியை மூடச் சொல்லி 2024-ல் கேரள உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேசியது. பஞ்சாயத்துக்கு ஒரு மைதானம் என்று மாநில அரசு திட்டமே வைத்திருக்கிறது. நமக்கு மைதானம் இருக்கிறது, சாவிதான் இல்லை. இதே ஜில்லா முண்டூரிலிருந்து சித்ரா என்கிற பெண் 2017 ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கியது. எல்லாப் பிள்ளையும் தங்கம் வாங்க வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்தால் போதும்.

சிநேகிதத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, டாக்டர் பேச வேண்டும். ஒன்று மட்டும்: மனசு ரொம்பப் பாரமாக இருக்கிற பிள்ளைக்கு ஓட்டம் மட்டும் போதாது, டாக்டர் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம்.

பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, நீங்கள் கடைசி வளைவில் தளராதவர். காலை ஆறு முதல் எட்டு, சாயங்காலம் நான்கரை முதல் ஆறரை. இவ்வளவு நேரம் கேட் திறந்திருக்க வேண்டும். பொறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சாவியை என்னிடம் தாருங்கள். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம், சாப்பாட்டுக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.