புரட்டாசி விரதத்துல மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தலாமா?

[திரையில்: வாழை இலை, பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை]

வணக்கம்! தென்னாப்பிரிக்காவுல, நம்ம டர்பன்ல புரட்டாசி பிறந்தா மீனும் கோழியும் வீட்டை விட்டுப் போயிடும். சில பேர் கூடவே மனச்சோர்வுக்கான ஃப்ளூஆக்ஸிடின் கேப்ஸ்யூலையும் ஒதுக்கிடுறாங்க. கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு, பன்றியோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. கவலை நியாயம்தான், முடிவுதான் தப்பு. கூட்டை நீங்களா பிரிச்சுக் கொட்டாம, மாத்திரை வடிவம் இருக்கான்னு மருந்தகத்துல கேளுங்க.

பின்னணி ஒரே மூச்சுல: ஃப்ளூஆக்ஸிடின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துங்க, மூளையில இருக்கிற செரட்டோனின்ங்கிற ரசாயனத்தை நரம்பு செல் திரும்ப உறிஞ்சுறதைத் தடுக்கும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வரலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைஞ்சது 6 மாசம் தொடரணும். முடிஞ்சது!

இப்போ நான் காத்துக்கிட்டிருந்த இடம்: மருந்தை நிறுத்தணும்னா டோஸை எப்படிக் குறைக்கிறது?

[திரையில்: வளைகோடு]

2019-ல லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல ஹொரோவிட்ஸ், டெய்லர்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில இருக்கிற கணக்கு. இதே வகை மருந்தான சிட்டலோபிராம் 40 மில்லிகிராம், செரட்டோனினை உறிஞ்சுற இடங்கள்ல சுமார் 86 சதவீதத்தைப் பிடிச்சு வைக்குது. டோஸைப் பாதியாக்கி 20 ஆக்குங்க. 43-னுதானே சொன்னீங்க? இல்லை, 80! 9-க்கு வந்தா 70. 5.4-க்கு வந்தாக்கூட 60. படி படியா இறங்குறோம்னு நினைக்கிறோம், கடைசிப் படி மட்டும் மொட்டை மாடி உயரம்.

"சின்ன டோஸ்தானே"ன்னு அங்க நிறுத்தினா, சில நாள்லயே தலைசுத்தல், கெட்ட கனவு, தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுப்பு. நோய் திரும்பிடுச்சுன்னு பயந்துடுவாங்க. நோய் திரும்பினா பெரும்பாலும் வாரக்கணக்குல மெல்ல வரும், தலையில கரண்டும் அடிக்காது. சிட்டலோபிராம் மாதிரி மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறது குறைக்கிறது இல்லைங்க, உடம்புல மருந்தளவை ஏத்தி இறக்கிப் படுத்துறது. டோஸ் இறங்க இறங்க, குறைக்கிற அளவும் சின்னதாகணும். மாத்திரையை உடைச்சு அது வராது. திரவ மருந்து கிடைக்குமான்னு டாக்டரைக் கேளுங்க.

தலைவலிக்கு கிராண்ட்பா பவுடரா? அதுல ஆஸ்பிரின் இருக்கு. எஸ்எஸ்ஆர்ஐயோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு அபாயம் கூடும். வெறும் பாரசிட்டமால் போதும். டிரமடால்ங்கிற வலி மருந்தை எழுதிக் கொடுத்தா, இந்த மாத்திரை சாப்பிடுறதை முதல்ல சொல்லுங்க.

25 வயசுக்குக் கீழ உள்ளவங்களை முதல் சில வாரம் வீட்ல கவனிக்கணும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினா, தென்னாப்பிரிக்காவுல மனநல உதவி அமைப்பான சாடாக்கோட உதவி எண் 0800 567 567.

எஸ்எஸ்ஆர்ஐ இங்க ஷெட்யூல் 5 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கிடைக்கும்; அந்த ஸ்கிரிப்ட் 6 மாசத்துக்கு மேல ஓடாது. டிசம்பர் லீவுல டாக்டர் கடற்கரையில இருப்பார், நீங்க காலி அட்டையோட நிப்பீங்க. நவம்பர்லயே புதுசு எழுதி வாங்கிடுங்க!