ஹோய்: எல்லையோரத்து மலையூர்

நேயர்களுக்கு வணக்கம். ரஷ்யாவின் தெற்கே, காகசஸ் மலைப்பகுதியில் இருக்கும் குடியரசான செச்னியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1990களின் செய்தியறிக்கைகள்தான். இடிந்த தலைநகர் குரோஸ்னி, டாங்கிகள், புகை. இன்று அந்த நகரத்தைத் தாண்டி, தெற்கே மலையேறி ஒரு சிற்றூருக்குப் போகலாம். ஊரின் பெயர் ஹோய். தெருவில் போகிறவரை யாரோ அதட்டிக் கூப்பிடுவது போல இருந்தாலும், நிஜமான ஊர்ப் பெயர்தான்.

செச்னியாவின் வடபகுதி டெரெக் ஆற்றுச் சமவெளி. தெற்கே வரவரக் காடடர்ந்த மலைகள். அதற்கும் அப்பால் காகசஸின் உயர்ந்த சிகரங்கள். ஹோய் இருப்பது தென்கிழக்கு மூலையில், ரஷ்யாவின் இன்னொரு குடியரசான தாகெஸ்தானின் எல்லையை ஒட்டி. வேதெனோ என்ற ஊரிலிருந்து கிளம்பும் சாலை பீச் மரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. 2,100 மீட்டருக்கும் மேலே ஹராமி கணவாயைக் கடக்கிறது. கடந்ததும் மரமே இல்லை! புல்லும் பாறையும் வெயிலும்தான். வடக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ‘அண்டி’ என்ற மலைத்தொடர் மறித்துவிடுவதுதான் காரணம். அந்த மறைவில், ஒரு பெரிய வாணலி போலக் கிடக்கிறது மகஷோய் பள்ளத்தாக்கு. அதன் ஓரத்தில், ஆறு அறுத்துப் போட்ட செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே ஹோய் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த ஆற்றையும் கொஞ்சம் கவனியுங்கள். செச்னியாவின் பெரும்பாலான ஆறுகள் வடக்கே ஓடி டெரெக்கில் சேர்கின்றன. இதுவோ தாகெஸ்தான் பக்கம் இறங்கி அண்டி கோய்சு ஆற்றில் கலந்து, சுலாக் வழியாகக் காஸ்பியன் கடலுக்குப் போகிறது. தண்ணீர் போன வழியில்தான் ஆட்களும் போனார்கள், ஆட்டு மந்தையும் போனது, சில சமயம் எதிரியும் வந்தான். அதனால்தான் இங்கே ஒரு காவல் கோபுரம். செச்சென் மலையூர்களில் கோபுரம் இரண்டு வகை. ஒன்று குடும்பம் வாழ்வதற்கு: அகலமாக, தாழ்வாக இருக்கும். இன்னொன்று சண்டைக்கு: ஒடுக்கமாக, உயரமாக, மேல்தளத்தில் கல் எறிவதற்குப் பிதுங்கிய மாடங்களோடு இருக்கும். ஹோயில் நிற்பது இரண்டாவது வகை. ஊருக்குள் வீட்டுச் சுவர்க் கற்களில் சுருள் வட்டங்களும் வேறு பல குறிகளும் செதுக்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபுரத்தைவிட இந்தக் கற்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

பிழைப்பு? ஆடு வளர்ப்பு, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்களில் பார்லி. பக்கத்திலேயே கெசெனோய் ஆம் ஏரி. மலை சரிந்து விழுந்து ஓடையை அடைத்ததால் உண்டானது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம், ஆழம் 70 மீட்டருக்கு மேல். வடக்குக் காகசஸின் மிகப் பெரிய மலை ஏரி இதுதான். வேறெங்கும் இல்லாத ஒரு ட்ரவுட் மீன் வகை இதில் உண்டு.

சரி, இவ்வளவு இருந்த ஊர் ஏன் பாழானது? நிலநடுக்கமோ பஞ்சமோ அல்ல, ஓர் உத்தரவு. 1944 பிப்ரவரி 23 அன்று, ஸ்டாலின் அரசு செச்சென் மக்களையும் அவர்களின் அண்டை இனமான இங்குஷ் மக்களையும் முழுவதுமாக நாடு கடத்தத் தொடங்கியது. அது சோவியத் படையான செஞ்சேனையின் விழா நாள். ஆண்களைக் கூட்டத்துக்கு என்று அழைத்து அங்கேயே வளைத்தார்கள். மலையூர்க்காரர்களை உறைபனியில் கீழே இறக்கி, சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி, கசகஸ்தானுக்கும் கிர்கிசியாவுக்கும் அனுப்பினார்கள். மொத்தம் ஏறத்தாழ 5 லட்சம் பேர். பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் இறந்தவர்கள் பல்லாயிரம். செச்னியாவின் கிழக்குப் பகுதியைத் தாகெஸ்தானோடு சேர்த்துவிட்டு, தாகெஸ்தான் மலைவாசிகளை வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து காலி வீடுகளில் குடியேற்றினார்கள். விட்டுப்போன கல்லறைகளுக்கும் மதிப்பில்லை. எத்தனையோ கல்லறைக் கற்கள் கட்டுமானக் கல்லாகிச் சாலையிலும் அஸ்திவாரத்திலும் போய்ச் சேர்ந்தன.

1957இல் செச்சென்-இங்குஷ் குடியரசை மீட்டுக் கொடுத்தார்கள், மக்கள் திரும்பி வந்தார்கள். கதை முடிந்தது என்று பெரும்பாலான நூல்கள் இங்கே நிறுத்திக்கொள்ளும். ஹோய்க்காரர்களுக்கு அப்படி முடியவில்லை. ஹோய் இருந்த செபெர்லோய் மாவட்டத்தைத் திரும்ப அமைக்கவில்லை. உயர்மலைப் பகுதியில் குடியேறவும் விடவில்லை. கூட்டுப்பண்ணைக்கு ஆள் சமவெளியில் வேண்டும், மலையில் இருப்பவர்களைக் கண்காணிப்பது கடினம், அவ்வளவுதான் கணக்கு. ஆகவே பதின்மூன்று வருடம் கசகஸ்தானில் காத்திருந்தவர்கள், சொந்த மலையைத் தொலைவில் பார்த்துக்கொண்டு சமவெளியில் குடியிருந்தார்கள். கூரை போனது, பிறகு சுவரும் சரிந்தது. ஏரிக்கு மட்டும் சோவியத் ஆட்கள் வந்தார்கள், படகுப் போட்டி வீரர்களின் பயிற்சிக்காக!

அப்புறம் ரஷ்யப் படைக்கும் செச்சென் பிரிவினைவாதிகளுக்கும் இடையே போர்கள். 1999 ஆகஸ்டில் செச்னியாவிலிருந்து ஆயுதக் குழுக்கள் தாகெஸ்தானின் பொட்லிக் பகுதிக்குள் புகுந்தன. இரண்டாம் செச்சென் போர் அதிலிருந்து வெடித்தது. பொட்லிக் என்பது ஹோய்க்கு அடுத்த பக்கத்துப் பள்ளத்தாக்குதான். பழைய எல்லைவழி மறுபடியும் போர்வழியானது.

சில ஆண்டுகளாக ஹோயைத் திருத்திக் கட்டுகிறார்கள். கோபுரமும் கல்வீடுகளும் எழுந்திருக்கின்றன, சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கல் எது, புதுக் கல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி பூசி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, ஹோய்க்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேலை, பள்ளிக்கூடம், வீடு எல்லாம் சமவெளியில் அமைந்துவிட்டன. பனிக்காலத்தில் 1,800 மீட்டர் உயரத்தில் ஆடு மேய்க்க யார் வருவார்கள்? அவர்கள் வந்து தங்குகிற அளவுக்கு அங்கே பிழைப்பு உண்டாகும்வரை, ஹோயை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்சிக்கூடம் என்றுதான் சொல்வேன். கேட்டமைக்கு நன்றி, வணக்கம்.