சொன்ன வாயே திருத்த வேண்டும்

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

டீக்கடையில் ஒருவர், "இந்த வடக்கத்திக்காரர்கள் வந்த பிறகுதான் திருட்டு கூடிப்போயிற்று" என்கிறார். பக்கத்தில் இருப்பவர், "போன மாதம் உங்கள் தெருவில் சங்கிலி அறுத்தவன் எந்த ஊர்க்காரன் ஐயா?" என்று கேட்டுவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அதையே ஓர் அமைச்சரோ காவல் அதிகாரியோ மைக்கின் முன் நின்று சொன்னால் எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லை. வீட்டுக்காரர் வாடகைக்கு விட மறுக்கவும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பையை இறுக்கிப் பிடிக்கவும் அந்த ஒரு பேச்சு போதும்.

2024 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவில் அதிபர் தேர்தல் விவாதம். ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிய ஹைத்தி நாட்டவர் ஊராரின் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார் டொனால்டு டிரம்ப். நம்பத்தக்க புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொல்லியும் பயனில்லை. அடுத்த சில நாட்களில் அந்த ஊருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாம் வெற்று மிரட்டல்கள்தாம்; ஆனாலும் பள்ளிக்கூடங்களைக் காலி செய்யவேண்டி வந்தது. அந்த ஹைத்தி மக்களில் பெரும்பாலோர் சட்டப்படி தங்கியிருந்தவர்கள், ஆள் கிடைக்காமல் தவித்த தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள்.

அந்த மாநில ஆளுநர் மைக் டிவைன், டிரம்பின் கட்சிக்காரர். பிறந்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். இந்தப் பேச்சில் உண்மை இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிகளுக்கு மாநிலப் போலீஸாரை அனுப்பி, தினமும் காலையில் சோதனை போட்ட பிறகே பிள்ளைகளை உள்ளே விடச் செய்தார். அதே தேர்தலில் அவர் டிரம்பையே ஆதரித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாற்காலியில் இருப்பவரின் மறுப்புக்கு ஒரு எடை உண்டு. நான் மறுத்தால் ஒரு பயலும் கேட்கமாட்டான்.

வந்தேறிகளால்தான் குற்றம் பெருகுகிறது என்பது அங்கே பழைய பல்லவி. அதிபர் ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் ஆணையம் அதை ஆராய்ந்து, மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் உள்நாட்டில் பிறந்தவர்களைவிடக் குறைவாகவே குற்றம் செய்கிறார்கள் என்று 1931-இலேயே எழுதிவைத்தது. அறிக்கை நூலகத்தில் இருக்கிறது, பல்லவியும் நிற்கவில்லை.

நமக்கு இது புரியாத சங்கதியா? தெற்கத்திச் சீமைக்கு ரேகைச் சட்டத்தைத் தெரியும். அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம்; 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு திருட்டும் செய்யாதவன்கூட, இன்ன சாதியில் பிறந்தான் என்பதற்காக ஸ்டேஷனில் கைரேகை வைக்கவேண்டியிருந்தது. 1920-இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் ஒழிந்தது. சட்டம் போயும் பார்வை போக எத்தனை தலைமுறை ஆயிற்று என்று அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

வந்தேறி என்ற பட்டமும் நமக்குக் கிடைத்ததுதான். தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர்! 1966-இல் சிவசேனை தொடங்கிய காலத்தில், பம்பாயின் துன்பத்துக்கெல்லாம் தென்னாட்டுக்காரர்களே காரணம் என்று மேடைமேடையாகப் பேசினார்கள். இன்று கூடங்குளத்திலும் கங்கைகொண்டானிலும் சித்தாள் வேலைக்கு நிற்கிற ஒடியாக்காரரையும் பீகாரியையும் பார்த்து நாம் அதே வசனத்தைப் பேசுகிறோம். வெட்கமாக இருக்கிறது.

2023 மார்ச்சில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்களைப் பரப்பினார்கள். இந்த முறை குற்றவாளிக் கூண்டில் நாம் நின்றோம். நம் காவல்துறைத் தலைவர் உடனே மறுத்தார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் போய்த் தொழிலாளர்களிடமே பேசியது. வதந்தி அடங்கியதற்குக் காரணம், பதவியில் இருப்பவர்கள் சம்பந்தப்பட்டவர்களிடமே போய்ப் பேசியதுதான்.

நம் பக்கத்தில் மோதல் என்றால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போடுவார்கள். இரு தரப்பிலும் நாலு பேர், தாசில்தார், இன்ஸ்பெக்டர், டீ, கையெழுத்து. அதைக் குறை சொல்லவில்லை, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வெளியூர்த் தொழிலாளி அந்த மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காண்ட்ராக்டர்தான் அவனுக்காகப் பேசுகிறார். சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பவரும் பல நேரம் அவரே!

புலம்பெயர் தொழிலாளர்களைக் காக்க 1979-இல் வந்து 2025 வரை இருந்த சட்டம், காண்ட்ராக்டர் அவர்கள் விவரத்தை அரசுக்குத் தந்து, புகைப்படத்தோடு பாஸ்புத்தகம் கொடுக்கவேண்டும் என்றது. கூலியும் பிடித்தமும் அதில் ஏறவேண்டியிருந்தது. அந்த விவரத்தை யாரும் தேடியதில்லை. ஸ்டேஷனில் ஆதார் நகல் கொடுக்கச் சொல்வது மட்டும் தவறாமல் நடக்கிறது.

கவுன்சிலர்களும் காவல்துறையினரும் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரு திருட்டு வழக்கில் வடமாநிலத்தவர்தான் காரணம் என்று பேட்டி கொடுத்து, பிறகு உள்ளூர்க்காரர் பிடிபட்டால், அதே நிருபர்களைக் கூப்பிட்டு, அதே இடத்தில் நின்று சொல்லுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வேலைத்தளத்தில் ஒட்டுங்கள். அடுத்த சமாதானக் கூட்டத்துக்குத் தொழிலாளிகளில் இரண்டு பேரையும், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரையும் அழையுங்கள். காண்ட்ராக்டர் வெளியே காத்திருக்கட்டும்.