நூறு மூக்கைக் காட்டி "இதுவா, அதுவா"ன்னு கேட்டா என்ன? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருத்தர் எழுதியிருக்கார்: "குற்றவாளி முகத்தை வரையற ஓவியர் சாட்சிகிட்ட ரெண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்து பேசுவாங்கன்னு போன வீடியோவுல சொன்னீங்க. எதுக்கு அவ்வளவு நேரம்? நூறு மூக்கு, நூறு கண்ணு, நூறு வாய்னு கம்ப்யூட்டர்ல போட்டு, இதுவா அதுவான்னு கேட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடாதா? அந்தப் படம் கோர்ட்ல செல்லுமா?" ரெண்டாவது கேள்வியைக் கடைசியில பார்க்கலாம். முதல் கேள்விக்குத்தான் நேரம் வேணும்.

நீங்க சொல்ற முறையை ஏற்கெனவே செஞ்சு பார்த்துட்டாங்க. அமெரிக்காவுல 'ஐடென்டி-கிட்'னு ஒண்ணு வந்துச்சு. அப்புறம் பிரிட்டன்ல 1970-ல ஜாக் பென்ரி 'ஃபோட்டோஃபிட்' கொண்டுவந்தார். நிஜ ஆளுங்க போட்டோவை நெத்தியும் முடியும் ஒரு துண்டு, கண்ணு ஒரு துண்டு, மூக்கு, வாய், தாடைன்னு வெட்டி வெச்சிருப்பாங்க. சாட்சி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒரு சட்டத்துக்குள்ள அடுக்குவாங்க. வேகமா முடியும், ஆனா வந்த முகம் பெரும்பாலும் ஆளோட ஒத்துப்போகாது.

காரணம் என்னன்னா, நம்ம மூளை முகத்தைத் துண்டு துண்டா எடுத்து வெச்சுக்கறதில்ல. தனாகா, ஃபாரான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1993-ல இதைச் சோதிச்சு வெளியிட்டாங்க. சில முகங்களைப் பேரோட பழக்கிவிட்டு, அப்புறம் மூக்கை மட்டும் தனியா காட்டி "இதுல எது அவரோட மூக்கு"ன்னு கேட்டா ஜனங்க தடுமாறினாங்க. அதே மூக்கை முழு முகத்துக்குள்ள வெச்சுக் காட்டினப்போ இன்னும் நல்லா சொன்னாங்க. அப்போ நூறு மூக்கை வரிசையா காட்டினா என்ன ஆகும்? சாட்சிக்கு அதுல எதுவுமே தெரிஞ்ச மூக்கா தோணாது. முப்பதாவது மூக்கு வர்றப்போ "ஏதோ இது மாதிரி"ன்னு கையைக் காட்டிடுவார். அதைவிட மோசம், பார்த்த முப்பது மூக்கும் அவர் ஞாபகத்துல போய் உட்கார்ந்துக்கும். அதுக்கப்புறம் அசல் எது, நீங்க காட்டினது எதுன்னு அவராலயே பிரிக்க முடியாது.

அதனாலதான் முதல்ல பேச்சு, அப்புறம் கோடு, கடைசியிலதான் படம் காட்டறது. இந்த வரிசையை மாத்தினா வேலை கெட்டுச்சு.

இப்போ அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. ஓவியருக்கு வழக்கைப் பத்திக் கொஞ்சமாத்தான் தெரிஞ்சிருக்கணும். போலீஸ் யாரைச் சந்தேகப்படறாங்க, அவன் போட்டோ எப்படி இருக்கு, எதுவும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கை தன்னால அந்தப் பக்கம் போகும். ரூம் அமைதியா இருக்கணும். டிவி ஓடக்கூடாது, சுவத்துல 'தேடப்படுபவர்' போஸ்டர் இருக்கக்கூடாது. ரெண்டு சாட்சி இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கவே கூடாது, வெளிய பெஞ்சுல ஒண்ணா காத்திருக்க விடறதும் தப்பு. பேசிப் பேசி ஒரே முகமா ஆக்கிடுவாங்க. வரையற பலகையை முதல்ல சாட்சி கண்ணுல படாத மாதிரி சாய்ச்சு வெச்சுக்கணும்.

உட்கார்ந்ததும் முகத்தைப் பத்திக் கேட்கறதில்ல. பார்த்த சூழ்நிலையைக் கேட்கணும். எவ்வளவு தூரம், வெளிச்சம் எங்கிருந்து வந்துச்சு, முகம் நேராவா பக்கவாட்டாவா, எவ்வளவு நேரம் பார்த்தீங்க. கண்ணாடி போடறவங்கன்னா அப்போ போட்டிருந்தீங்களா. கையில ஆயுதம் இருந்துச்சான்னும் கேட்கணும், ஏன்னா கத்தியைப் பார்த்த கண்ணு முகத்தைக் குறைவாத்தான் பார்த்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸோட குழு 1987-லயே கண்ணசைவை அளந்து காட்டின விஷயம் அது. அப்புறம், சம்பவத்துக்குப் பிறகு சிசிடிவி படமோ வாட்ஸ்அப்ல சுத்தற போட்டோவோ பார்த்தாரான்னு தவறாம கேட்டுக் குறிச்சுக்கணும். பார்த்திருந்தா, அவர் சொல்லப் போறது எந்த முகம்னு யாருக்கும் தெரியாது.

அடுத்தது நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். "நான் அங்க இல்ல, நீங்கதான் இருந்தீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, நான் தப்பா வரைஞ்சா உடனே தப்புன்னு சொல்லுங்க"ன்னு ஆரம்பத்துலயே சொல்லணும். இல்லைன்னா "சார் கேட்கறாரே, ஏதாவது சொல்லணுமே"ன்னு ஒரு பதில் வரும். அந்தப் பதில்தான் படத்தைக் கெடுக்கும்.

அதுக்கப்புறம் கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்துக்கே மனசால திரும்பிப் போகச் சொல்லணும். என்ன சத்தம் கேட்டுச்சு, கையில என்ன வெச்சிருந்தீங்க, வெயிலா, புழுக்கமா. ஃபிஷர், கெய்சல்மேன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980-கள்ல உருவாக்கின விசாரணை முறையோட அடிப்படை இதுதான். சூழல் திரும்பி வந்தா விவரமும் கூட வரும். பிறகு "நடந்ததை முழுசா சொல்லுங்க, சின்ன விஷயம்னு எதையும் விடாதீங்க"ன்னுட்டு ஓவியர் வாயை மூடிக்கணும். குறுக்க கேள்வி கேட்கக்கூடாது. சாட்சி நிறுத்தினாலும் பத்து விநாடி சும்மா இருக்கணும். நல்ல விவரம் பல நேரம் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும்.

கேள்வி கேட்கற விதத்துக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். "மீசை வெச்சிருந்தானா?"ன்னு கேட்டீங்கன்னு வைங்க. நம்ம பக்கத்துல ஆம்பளைன்னா பாதிக்கு மேல மீசை. சாட்சி யோசிக்காம "ஆமா"ம்பார். அவர் பார்த்ததைச் சொல்லல, பழக்கத்தைச் சொல்றார். இப்படிக் கேளுங்க:

"மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல எப்படி இருந்துச்சு?"

"லேசா... முடி இருந்துச்சு சார்."

"லேசான்னா?"

"ஷேவ் பண்ணி நாலு நாள் ஆன மாதிரி. தாடையிலயும் அதே மாதிரிதான்."

பாருங்க, அது மீசையே இல்ல, நாலு நாள் தாடி. முதல் கேள்வியைக் கேட்டிருந்தா படத்துல மீசை ஏறியிருக்கும், ஊரெல்லாம் மீசைக்காரனைத் தேடியிருப்பாங்க.

நிறமும் இப்படித்தான். எல்லாருமே "மாநிறம்"னு சொல்லுவாங்க. "உங்க கையோட ஒப்பிட்டா?"ன்னு கேட்டாதான் ஏதாவது தெரியும், அதுவும் தெருவிளக்கு மஞ்சளா வெள்ளையான்னு கேட்டுக்கிட்டு. வயசுக்கு எண் கேட்காம "உங்க தம்பியைவிடப் பெரியவனா?"ன்னு கேட்கலாம். சாட்சியே சில நேரம் "எங்க தெரு பால்காரர் மாதிரி சார்"னு சொல்லுவார். உடனே பால்காரரை வரைஞ்சிடக் கூடாது. "எதைப் பார்த்தா அப்படித் தோணுது?"ன்னு கேட்டா, "கண்ணு தூக்கக் கலக்கமா இருக்கும்"னு பதில் வரும். தேவையானது அந்தத் தொங்கின இமை மட்டும்தான்.

வரையறதுக்குப் பெரிசா எதுவும் வேணாம். பதினோரு அங்குலத்துக்குப் பதினாலு அங்குலம் தடிமனான தாள், கோடு போட எச்பி பென்சில், நிழலுக்கு 2பி, 4பி, தாளைக் கிழிக்காத பிசையற ரப்பர். ஆனா ஒரு கண்ணை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. தலை உருவம், கண்ணோட கோடு, மூக்கு அடி, வாய், தாடைன்னு மொத்தத்தையும் லேசா போட்டுட்டு, பிறகு எல்லாத்தையும் சேர்த்தே கெட்டிப்படுத்தணும். உறுப்போட வடிவத்தைவிட உறுப்புகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் ஆளைக் காட்டும். சாட்சி எதுவும் சொல்லாத இடத்தை, காது வெச்சுக்குங்களேன், மங்கலா விட்டுடணும். அழகா இருக்கட்டும்னு நிரப்பினா அது ஓவியரோட காது.

பேச்சுல எடுக்க வேண்டியது எல்லாம் எடுத்த பிறகு மாதிரிப் படங்களைக் காட்டலாம். அமெரிக்க எஃப்.பி.ஐ.க்குன்னே முக அமைப்புப் படங்களோட ஒரு தொகுப்பு இருக்கு. ஆனா அதைத் தூக்கிட்டு வந்து மதுரையில காட்டினா பாதி பக்கம் பயன்படாது, நம்ம முகங்களோட தொகுப்பு வேணும். "இதுல எதுவும் சரியா ஒத்துப்போகணும்னு இல்ல, ஒண்ணுல இமை மட்டும், இன்னொண்ணுல புருவம் மட்டும் எடுக்கலாம்"னு சொல்லிட்டு, கொஞ்சம் பக்கம் மட்டும் காட்டி, எந்த எண்ணை எடுத்தார்னு எழுதி வெச்சுக்கணும்.

அதுக்கப்புறம்தான் பலகையைத் திருப்பறது. அப்போ "சரியா இருக்கா?"ன்னு கேட்டா மரியாதைக்கு "அப்படியே இருக்கு சார்"னு தலையாட்டிடுவார். "எதை மாத்தணும்?"னு கேட்கணும். பெரும்பாலும் "கண்ணு ஏதோ சரியில்ல, என்னன்னு சொல்லத் தெரியல"ம்பாங்க. அப்போ கண்ணை அழிக்காதீங்க. புருவத்தை ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறக்கிப் பாருங்க, அதே கண்ணு முறைக்க ஆரம்பிக்கும். பல நேரம் குறை அங்கதான். மாத்தினதையே திரும்பப் பழையபடி மாத்தச் சொல்ல ஆரம்பிச்சா ஞாபகம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். பென்சிலைக் கீழ வெச்சுடணும்.

இதுல ஒரு முரண்பாடு இருக்கு. எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் 1979-ல சொன்னது: தெரியாத ஆள்னா நாம தலைமுடி, முக வெளிக்கோடு மாதிரி வெளிப்பகுதியையும் வெச்சுத்தான் அடையாளம் காணறோம். பழகின ஆள்னா கண்ணு, மூக்கு, வாய்னு உள்பகுதிதான் அதிகம் உதவும். சாட்சிக்கு அவன் புது ஆள். ஆனா பேப்பர்ல படத்தைப் பார்த்து போன் பண்ணப் போறவர் யாரு? அவனோட பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்யறவர். அதாவது சாட்சி நல்லா சொல்றது முடியை, போன் பண்றவருக்குத் தேவை கண்ணும் வாயும். முடியை அவன் மறுநாளே வெட்டிக்கவும் செய்வான். அதனால நேரத்துல பெரும்பகுதியை உள்முகத்துல செலவழிக்கணும். ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்துல உருவான 'ஈவோஃபிட்' மென்பொருளும் இதைப் புரிஞ்சுதான் முழு முகங்களையே காட்டித் தேர்ந்தெடுக்க விடுது, முடி மாதிரி வெளிப்பகுதியை அப்போ மங்கலாக்கி வெச்சுடுது. கம்ப்யூட்டர்தான் வேணும்னா அந்த மாதிரி கம்ப்யூட்டர் பரவாயில்ல.

எல்லாம் சரியா செஞ்சும் தப்பாகுமா? ஆகும். 1995 ஏப்ரல் 19, அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு, 168 பேர் செத்தாங்க. குண்டு வெச்ச லாரியை ஏப்ரல் 17-ஆம் தேதி கான்சஸ் மாநிலம் ஜங்ஷன் சிட்டியில ஒரு கடையில வாடகைக்கு எடுத்திருந்தாங்க. அந்தக் கடை ஆளுங்க சொன்னதை வெச்சு ரெண்டு முகம் வரைஞ்சாங்க. முதல் முகத்தைக் காட்டினப்போ உள்ளூர் மோட்டல் உரிமையாளர் அடையாளம் சொன்னாங்க, அது குண்டு வெச்ச டிமோதி மெக்வேய். ரெண்டாவது முகத்தை நாடு முழுக்கத் தேடினாங்க. கடைசியில எஃப்.பி.ஐ. எடுத்த முடிவு என்னன்னா, அது மறுநாள் அதே கடைக்கு லாரி எடுக்க வந்தவரோட கூட வந்த ஒரு ராணுவ வீரர், குண்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. ஞாபகத்துல இருந்த முகம் நிஜம்தான், நாள்தான் மாறிப்போச்சு. கடைக்காரர், டிக்கெட் கவுண்டர் ஆள், செக்யூரிட்டி மாதிரி தினமும் நூறு முகம் பார்க்கறவங்க சாட்சியா வந்தா, "முந்தின நாள் யார் வந்தா, மறுநாள் யார் வந்தா, இந்த ஆள் அன்னிக்கு என்ன செஞ்சான், கையெழுத்து போட்டானா, எங்க நின்னான்"னு முகத்தைச் சம்பவத்தோட கட்டிப் பார்க்கணும்.

இப்போ கோர்ட் கேள்வி. படம் தேடறதுக்கு உதவும், "இவன்தான் செஞ்சான்"னு நிரூபிக்காது. ஆள் பிடிபட்டதும் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி, அவன் மாதிரி இருக்கற வேற ஆட்களோட நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடக்கும். பழைய சாட்சியச் சட்டத்துல 9-வது பிரிவு, இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம்ங்கற புதுச் சட்டத்துல 7-வது பிரிவு இதோட தொடர்புடையது. அந்த அணிவகுப்பும் துணை ஆதாரம்தான். கோர்ட்ல சாட்சி நேர்ல சொல்றதுதான் முக்கிய சாட்சியம். கைது பண்ணவனை முகத்தை மூடிக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு காரணம், சாட்சி அவனை அணிவகுப்புக்கு முன்னாடியே பார்த்துடக் கூடாதுங்கறதுதான்.

ஓவியர் பக்கம் செய்ய வேண்டியது, படம் முடிஞ்சதும் "எவ்வளவு ஒத்துப்போகுது"ன்னு கேட்டு சாட்சி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும். "பிரமாதம், நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க"ன்னு பாராட்டவே கூடாது. அது சாட்சிக்கு இல்லாத உறுதியைக் கொடுத்துடும். தேதி, நேரம், வழக்கு எண், கையெழுத்து போட்டு, அசல் படத்தோட கிறுக்கின தாள், குறிப்பு, காட்டின பட எண்கள் எல்லாத்தையும் கோப்புல சேர்க்கணும். பேப்பருக்குக் கொடுக்கறது நகல் மட்டும். குறுக்கு விசாரணையில "மீசைன்னு முதல்ல சொன்னது சாட்சியா, நீங்களா?"ன்னு வக்கீல் கேட்டா, எடுத்துக் காட்ட அந்தக் குறிப்புத் தாள்தான் இருக்கும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.