கொஞ்சம் சிரிங்க சார்

நேயர்களுக்கு வணக்கம். நான் தமிழாசிரியர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். சிரிப்பைக் குறிக்கும் சொற்களைப் பற்றிப் பேச வருகிறீர்களா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். இந்த ஊரில் என்னைவிட அதிகம் பேரை 'சிரிங்க, சிரிங்க' என்று அதட்டியவன் யார் இருக்கப் போகிறான் என்று நினைத்தேன், சரி என்று வந்துவிட்டேன்.

அந்த 'கொஞ்சம் சிரிங்க சார்' என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் கேட்பது புன்னகையை. ஆனால் எந்த போட்டோக்காரரும் 'கொஞ்சம் புன்னகையுங்கள்' என்று சொல்லி நான் கேட்டதில்லை, சொன்னால் எதிரே ஸ்டூலில் இருப்பவர் மிரண்டுபோவார், இல்லையென்றால் நிஜமாகவே வெடித்துச் சிரித்துப் படம் ஆடிப்போகும். நம் பேச்சில் உதடு லேசாக விரிவதும் சிரிப்புதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பதும் சிரிப்புதான். புன்னகை, புன்முறுவல், குறுநகை எல்லாம் வாரப் பத்திரிகைக் கதாநாயகிகளுக்கு. அதனால் 'அவ என்னப் பாத்துச் சிரிச்சா' என்று ஒரு பையன் வந்து சொன்னால், நடந்தது நல்லதா அவமானமா என்று அந்த வாக்கியத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் எப்படிப் பிரித்துச் சொல்கிறோம்? சத்தத்தை வைத்து. வாயைப் பொத்தியும் மீறிக்கொண்டு வருவது களுக்கென்று வரும். எதிர்பாராத இடத்தில் கிளம்புவது குபீர். நாலைந்து பெண்கள் சேர்ந்தால் கலகல, வளையலுக்கும் சில்லறைக்கும் அதே சத்தம்தான். காரணமே இல்லாமல் சிரிக்கிறவனுக்கு கெக்கே பிக்கே. எங்கள் பக்கம் அடக்க முடியாத சிரிப்பை சிரிப்பாணி என்பார்கள், 'சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு' என்று சொல்லும்போதே கோணிமூட்டை கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டுகிற மாதிரி இருக்கும். சத்தமே போடாதது நமுட்டுச் சிரிப்பு. இது கேமராவுக்கு மட்டும் தப்பாது. எந்தக் கல்யாண குரூப் போட்டோவை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், இரண்டாவது வரிசை ஓரத்தில் ஒரு மாமா உதட்டின் ஒரு மூலையை மட்டும் இழுத்துக்கொண்டு நிற்பார், அந்த சம்பந்தத்தைப் பற்றி அவருக்கு ஏதோ தெரியும்.

கல்யாணம் என்றதும் நகை. கல்யாணப் பெண்ணிடம் இரண்டு நகையும் தெரிய வேண்டும் என்று அவள் அம்மா எதிர்பார்ப்பார், முதலில் கழுத்தில் இருக்கிறது. நகை என்றால் பழைய தமிழில் சிரிப்பு, ஒளி என்ற பொருளும் உண்டு, பல்லுக்கும் அந்தப் பெயர் வந்திருக்கிறது. முறுவல் என்பதும் அப்படித்தான். 'முத்தம் முறுவல்' என்று குறளில் தலைவன் சொல்வது அவள் பற்கள் முத்து என்று. ஆக, உதடு விலகிப் பல் மின்னுவதுதான் சிரிப்பு, மின்னுவதால்தான் தங்கமும் நகை என்று நான் எனக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். இதில் ரசமான இடம் கவரிங். முலாம் தேய்ந்து உள்ளே இருக்கிற பித்தளை தெரிந்துவிட்டால் என்ன சொல்கிறோம்? 'பல்லை இளிச்சிட்டு.' நகை பல்லை இளிக்கிறது! தங்கம் சிரித்தது என்று யாரும் சொல்வதில்லை, போலி மட்டும் இளிக்கிறது.

இளிப்பு என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயரே கிடையாது. மரியாதைக்குச் சிரித்தால் சிரிப்பு, காரியத்துக்காகச் சிரித்தால் இளிப்பு. எல்லோரிடமும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவனை என்ன சொல்கிறோம் பாருங்கள், இளிச்சவாயன். அதாவது ஏமாளி. 'நான் என்ன இளிச்சவாயனா?' என்று கடைத்தெருவில் ஒரு நாளைக்கு நாலு முறையாவது காதில் விழுகிறது.

இது இன்று நேற்றுப் புத்தி இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டு என்று ஒரு வரிசை வரும், 'நகையே அழுகை' என்று சிரிப்பில்தான் தொடங்கும், உவகையில் போய் முடியும். சிரிப்பு ஒரு முனை, சந்தோஷம் மறு முனை, நடுவில் ஆறு உணர்ச்சிகள்! சிரிப்பவரெல்லாம் சந்தோஷமாக இருக்கிறார் என்று தொல்காப்பியர் நினைக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் அந்த நகை எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல், கேலி. இளமை என்பது பிள்ளைத்தனம், பேதைமை அறியாமை. மடன் என்பது யார் எதைச் சொன்னாலும் அப்படியே பிடித்துக்கொள்வது, நம் இளிச்சவாயன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். நான்கில் எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருக்கிறது.

அதனால்தான் சிரிப்புக்கு நாம் இவ்வளவு பயப்படுகிறோம். 'நாலு பேர் சிரிக்கிற மாதிரி நடந்துக்காதே.' 'ஊர் சிரிக்குது.' அதுவும் போதாமல் 'சந்தி சிரிக்குது', ஆள் வேண்டாம், தெருமுனையே சிரித்துவிடும். 'சிரிப்பா இருக்கு' என்றால் வேடிக்கை, 'சிரிப்பாச் சிரிக்குது' என்றால் மானம் போயிற்று. ஒரே வேர்ச்சொல்லை இரண்டு தரம் போட்டவுடன் அர்த்தம் குட்டிக்கரணம் அடித்துவிடுகிறது. பெண்களுக்கென்று தனியாக ஒரு பழமொழி வேறு வைத்திருந்தோம், பொம்பளை சிரித்தால் போச்சு புகையிலை விரித்தால் போச்சு என்று. அதைச் சொன்னவர் புகையிலை வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும், தனக்குத் தெரிந்த சரக்கோடு நிறுத்தியிருக்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் வயதான அம்மாக்கள் கேமரா முன்னால் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள், கையை எடுங்க பாட்டி என்று சொன்னால் கையோடு சிரிப்பும் போய்விடும்.

பெரிய சிரிப்பு ஒன்று அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருக்கிறது. அட்டகாசம். வடமொழியில் அதற்கு உரக்கச் சிரிப்பது என்றுதான் பொருள். பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் சிவன் சிரித்தே மூன்று கோட்டைகளை எரித்தார் என்று கதை சொல்வார்களே, அந்த ரகம். இப்போது பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கினாலும் அட்டகாசம், பிரியாணி நன்றாக இருந்தாலும் அட்டகாசம். சிரிப்பு காணாமல் போய்விட்டது, எங்காவது 'அட்டகாசமாகச் சிரித்தான்' என்று படித்தால் அந்தச் சொல் தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

சந்தோஷத்துக்கு ஜாலி, குஷி என்று வெளியூர்ச் சரக்கு நிறைய வந்துவிட்டது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. மகிழ்ச்சி, களிப்பு இரண்டையும் மட்டும் மேடையில் சந்தனம் தெளித்து வைத்திருக்கிறோமே, அவை ஒரு காலத்தில் போதைக்கும் வழங்கிய சொற்கள். 'உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு' என்று வள்ளுவர் இரண்டையும் கள்ளோடுதான் சேர்த்து நிறுத்துகிறார். விழா மேடையில் தலைவர் 'மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்' என்று சொல்லும்போது படம் எடுத்துக்கொண்டே இதை நினைத்து எனக்குக் களுக்கென்று வந்திருக்கிறது.

ஒரு முறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று படம் எடுத்துக்கொள்ள வந்தது. பெரியவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இளக்கலாம் என்று நான் ஏதோ சொல்ல, 'பகிடி விடாதேங்கோ தம்பி' என்றார், சொல்லிக்கொண்டே சிரித்தும் விட்டார். பகிடி அவர்களுக்கு வேடிக்கைப் பேச்சு. கல்லூரியில் புதுப் பிள்ளைகளைப் படுத்துகிற ராகிங்குக்கு அங்கே பகிடிவதை என்று பெயர். சிரிப்புக்குப் பக்கத்திலேயே வதையை ஒட்டி வைத்து எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. போனில் அனுப்புகிறோமே, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகப் படம், அதை 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மாலை போடுவதற்குப் படம் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய பால்ய சிநேகிதர் வெளியூரிலிருந்து மகனுக்கு இரங்கல் அனுப்பியிருக்கிறார், கீழே வரிசையாக அந்த மஞ்சள் முகம், பத்துப் பன்னிரண்டு இருக்கும். கண்ணீரை மட்டும் பார்த்து அழுகிற முகம் என்று நினைத்துவிட்டார் மனுஷர். மகன் போனை அம்மாவிடம் நீட்டினான். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், இரண்டு நாளாக அழுத முகம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், அவரைப் பார்த்து கூடத்தில் இருந்த எல்லோரும். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நானும்தான். களுக், குபீர், நமுட்டு எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. நேயர்கள் யாராவது ஒரு பெயர் வைத்தால் நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். வணக்கம்.