லிப்ரே ஆபிஸுக்குப் பங்களிக்கணுமா? முதல்ல பக் உறுதிப்படுத்துங்க

வணக்கம் மக்களே. ஓப்பன் சோர்ஸ்ல இறங்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் நேரா சோர்ஸ் கோடைத் திறந்து, மிரண்டு மூடிடுறாங்க. கோடு அப்புறம் பார்த்துக்கலாம். லிப்ரே ஆபிஸையே எடுத்துக்கோங்க, டாக்குமென்ட், ஸ்ப்ரெட்ஷீட் எல்லாம் பண்ற இலவச ஆபிஸ் மென்பொருள். 2010-ல ஓப்பன் ஆபிஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பு நடத்துது. அங்க எப்பவும் ஆள் தேவைப்படுற வேலை, பக் உறுதிப்படுத்துறது, அதாவது ஒருத்தர் சொன்ன மென்பொருள் பிழை நிஜமாவே இருக்கான்னு சோதிக்கிறது.

ஒருத்தர் பக்ஸில்லால, அதாவது பக் புகார்களைப் பதிவு பண்ற தளத்துல, புகார் போட்டதும் அது 'அன்கன்ஃபர்ம்ட்'னு நிக்கும். வேற ஒருத்தர் தன்னோட மெஷின்ல அதே பிரச்சினையைப் பார்த்தாதான் 'நியூ' ஆகும். போட்டவரே அதை மாத்தக் கூடாது. அந்த ரெண்டாவது ஆள் நீங்களா இருக்கலாம்.

அன்கன்ஃபர்ம்ட் லிஸ்ட்ல ஃபைல் அட்டாச் பண்ணியிருக்கிற பக் ஒண்ணைத் தேடி எடுங்க. ஃபைல் இல்லாம 'பிரிண்ட் சரியா வரல'ன்னு மட்டும் எழுதியிருந்தா நீங்க எதையும் சோதிக்க முடியாது. சாம்பிள் ஃபைல் கேட்டு எழுதிட்டு, 'நீட்இன்ஃபோ'னு மாத்துங்க. அதுவும் பங்களிப்புதான்.

அடுத்து டெய்லி பில்டு இறக்குங்க, அதாவது புது கோடுல இருந்து அடிக்கடி தயார் பண்ற சோதனை வெர்ஷன். அது 'லிப்ரே ஆபிஸ் டெவ்'னு தனியா இன்ஸ்டால் ஆகும், ப்ரொஃபைலும் (உங்க செட்டிங் எல்லாம் இருக்கிற இடம்) தனி, நீங்க தினமும் வேலை பார்க்கிறதைத் தொடாது. ஏன் இது வேணும்னா, பழைய வெர்ஷன்ல சோதிச்சா ஏற்கனவே சரி பண்ணின பிரச்சினையை 'இன்னும் இருக்கு'ன்னு எழுதிடுவோம். புகார்ல இருக்கிற படிகளை அதே வரிசையில செய்யுங்க, ஒண்ணையும் தாண்டாதீங்க. பிரச்சினை வந்துச்சுன்னா, ஹெல்ப் மெனுவுல சேஃப் மோட்ல (உங்க செட்டிங் இல்லாம திறக்கிறது) ரீஸ்டார்ட் பண்ணி இன்னொரு தடவை பாருங்க. அங்க வரலைன்னா, உங்க ப்ரொஃபைல் செட்டிங்ல ஏதோ கோளாறு.

முடிவை எழுதும்போது 'எனக்கும் வருது'ன்னு மட்டும் போட்டா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அபௌட் விண்டோவுல வெர்ஷன் விவரத்தைக் காப்பி பண்ண ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கி அப்படியே ஒட்டுங்க. ஆபரேட்டிங் சிஸ்டம், பில்டு ஐடி எல்லாம் அதுலயே வந்துடும்.

பழைய வெர்ஷன்ல நல்லா இருந்து புதுசுல கெட்டுப் போயிருந்தா, 'ரெக்ரஷன்'னு கீவேர்ட் சேருங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுக்கு அடுத்தது, பைபிசெக்ட், அதாவது பாதி பாதியாக் குறைச்சு எங்க கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கிறது. ஏற்கனவே பில்டு பண்ணின வெர்ஷன்கள் வரிசையா கிட்ல (Git, மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கருவி) இருக்கும். பாதியில ஒண்ணை ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்லணும், அவ்வளவுதான். 1000 பில்டு இருந்தாலும் 10 தடவையில எந்த மாற்றத்தால கெட்டுச்சுன்னு நெருங்கிடலாம். சி ப்ளஸ் ப்ளஸ் ஒரு வரி தெரிய வேண்டாம். அந்தக் கோடை எழுதினவர் தேடி அலையுற நேரம் மொத்தமா மிச்சம்.

தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்க ஒரு தனி இடம் இருக்கு. பிடிஎஃப் ஆக்கும்போது 'கொ', 'கௌ' உடையுதான்னு பார்த்ததும் சொல்ல நம்மளாலதான் முடியும். ஒண்ணு கவனிங்க: லிப்ரே ஆபிஸ் தமிழை 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' வகையில வச்சிருக்கு, ஸ்டைல்ல அதுக்குன்னு தனி ஃபான்ட் இருக்கும். ஆங்கில ஃபான்ட்டை மட்டும் மாத்திட்டு தமிழ் மாறலன்னு புகார் போட்டா, அது பக் இல்ல.

கோடு பக்கம் போறவங்க 'ஈஸி ஹேக்'ல (புதுசா வர்றவங்களுக்குன்னு ஒதுக்கின வேலைகள்) 'டிஃபிகல்ட்டி பிகினர்'னு இருக்கிறதை எடுங்க, ஏற்கனவே யார் பேருல அசைன் ஆகியிருக்கான்னும் பாருங்க. கிட்ஹப்ல இருக்கிறது வெறும் மிரர், அதாவது நகல், அங்க புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறது) போட்டா சேராது. பேட்ச், அதாவது நீங்க பண்ற கோடு மாற்றம், எல்லாம் கெரிட்ங்கிற ரிவ்யூ தளம் வழியாத்தான். ரிவ்யூவுல திருத்தம் சொன்னா புது கமிட் (கிட்ல பதிவு பண்ற மாற்றம்) போடாதீங்க, பழைய கமிட்டையே அமென்ட் பண்ணுங்க, அதாவது திருத்துங்க. கமிட் மெசேஜ்ல இருக்கிற சேஞ்ச் ஐடி மாறிடுச்சுன்னா, கெரிட் அதைப் புது பேட்சா நினைச்சு தனி ரிவ்யூ திறந்துடும். பில்டு பண்றதை அடுத்த வீடியோவுல ஸ்கிரீன்ல செஞ்சே காட்டுறேன். அதுக்குள்ள டிஸ்க்ல தாராளமா இடம் காலி பண்ணி வைங்க, முதல் பில்டுக்குப் பல மணி நேரம் ஆகலாம்.